சீட்டில் எழுதாத பெயர்



பி.காம். படிக்கிறவனுக்குச் செடி கொடியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வேலையும் கிடையாதுதான். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும், அதனால் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் தாவரவியல் துறைக்காரர்கள் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தார்கள். விருப்பமுள்ள மாணவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டில் புழங்குகிற ஒரு செடியைக் கொண்டுவர வேண்டும். அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். சீட்டு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. கடையநல்லூரிலிருந்து வருகிற நண்பன் மருதாணி கொண்டுவந்தான். பெருநாளுக்கு முந்தின இரவு அவன் வீட்டில் அம்மிக்கு ஓய்வே கிடையாதாம். ஒரு தோழி குருத்தோலையில் சிலுவை மடித்துக் கொண்டுவந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு நண்பன், உகாதிப் பச்சடிக்கு அவன் அம்மா சேர்த்து வைத்திருந்த வேப்பம்பூவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். புளியங்குடிக்காரன் ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டுவந்தான், சாயங்காலத்துக்குள் பாதி சர்பத்தாகிவிட்டது. நான் வாசுதேவநல்லூர்க்காரன். புளி கொண்டுபோனேன்.

எல்லாச் சீட்டிலும் மூன்று வரி. தாவரவியல் பெயர், குடும்பம், பயன். புளியின் பயன்களை எனக்குச் சொன்னது என் ஆச்சி. சுளுக்குக்குப் புளியிலையை வேகவைத்து ஒத்தடம் கொடுப்பது, பித்தளை விளக்கு துலக்குவது, கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்பது, அதே கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடுவது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எழுத ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ஆச்சியையும் கண்காட்சிக்கு அழைத்துப்போனேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. என் சீட்டைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். "டாமரிண்டஸ் இண்டிகா" என்று வாசித்தேன்.

"அது என்னய்யா, யாரு வச்ச பேரு?"

"லின்னேயஸ்னு ஒருத்தர் ஆச்சி. சுவீடன் தேசம்."

"அவரு புளி தின்னுருப்பாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு செடியைக் காட்சிக்கு வைக்கும்போது சீட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது? இதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

புளி எந்த ஊர்?

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் வருவதென்றால் பூலித்தேவரின் கோட்டையால்தான் வரும். ஊருக்குள் எங்களுக்குப் பெருமை அர்த்தநாரீஸ்வரர் கோயில். சுவாமிக்குச் சிந்தாமணிநாதர் என்றும் பெயர். தல விருட்சம் புளியமரம். சிறு வயதில் சிந்தாமணி என்றால் கேட்டதைக் கொடுக்கும் மணி என்று மட்டும்தான் தெரியும். சிந்தை மரம் என்று புளிக்கு ஒரு பெயர் உண்டு, அதிலிருந்து வந்த பெயர் இது என்று கோயிலில் சொல்வார்கள். அது எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. வேப்பம்பூ கொண்டுவந்த நண்பன்தான் கண்காட்சியில் என் மேசைக்கு வந்து, "எங்க வீட்ல புளிக்கு சிந்தபண்டுன்னுதான்டே சொல்லுவோம்" என்றான். இருபது வருடம் கும்பிட்ட சுவாமியின் பெயருக்கு, பக்கத்து பெஞ்சுக்காரன் வீட்டுச் சமையலறையில் அர்த்தம் கிடைத்தது!

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதுதான் தாவரவியலாளர்களின் முடிவு. எப்போதோ கடல் தாண்டி வந்து, இங்கே ஊன்றி, நம் குழம்பில் கலந்துவிட்டது. இங்கிருந்து அரபு வணிகர்கள் புளியை வாங்கிப் போனார்கள். கறுத்துப் பிசுபிசுவென்று இருந்ததைப் பார்த்து 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். அந்த அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. 1753ல் லின்னேயஸ் அதையே லத்தீனாக்கி, பின்னால் 'இந்தியாவின்' என்றும் ஒரு சொல் சேர்த்தார். ஆக, ஆப்பிரிக்க மரத்துக்கு அரபிக்காரர் இந்தியப் பெயர் வைக்க, அதைச் சுவீடன்காரர் பதிவு செய்ய, அந்த மரம் வாசுதேவநல்லூரில் தல விருட்சமாக நிற்கிறது. நான் எழுதிய மூன்று வரிச் சீட்டில் இதில் எது இருக்கிறது?

மலைக்கு அந்தப் பக்கம்

சீட்டில் பெயர் எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 300 வருடத்துக்கு முன்பே ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் வான் ரீட். மலபாரின் செடிகளைப் பற்றி அவர் தயாரித்த புத்தகம் 'ஹோர்துஸ் மலபாரிக்கஸ்'. ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதில் 742 செடிகள். அந்தக் காலத்தில் ஒரு செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதென்றால் கப்பலில் பல மாதம் ஆகும், வழியிலேயே செத்துவிடும். அதனால் அந்தப் புத்தகத்தைத் தாளில் வைத்த கண்காட்சி என்றே சொல்லலாம்.

அதை உருவாக்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள். சேர்த்தலைக்குப் பக்கத்தில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்று மூன்று கொங்கணி பிராமணர்கள். மத்தேயு என்ற கர்மலீத் துறவி. டச்சுப் படைவீரர்கள், ஓவியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். செடிகளின் பெயர்கள் ஒரே எழுத்தில் இல்லை. லத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் இருக்கின்றன.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இட்டி அச்சுதன் 1675ல் தன் கையால் எழுதிக் கொடுத்த சான்று அந்தப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. இந்தச் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னது நான்தான் என்று அவருடைய எழுத்திலேயே இருக்கிறது. கொங்கணி பண்டிதர்களின் சான்றும் அப்படியே. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு வைத்தியரின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது என்றால் அந்த ஒரு பக்கம்தான் காரணம். லின்னேயஸ் தன் புத்தகத்துக்கு இந்த 12 தொகுதிகளையும் புரட்டியிருக்கிறார். லத்தீன் தெரியாதவர்களுக்குப் பூட்டிக் கிடந்த இந்தப் புத்தகத்தைக் கே.எஸ். மணிலால் என்ற தாவரவியல் பேராசிரியர் பல பத்தாண்டு உழைத்து ஆங்கிலத்தில் கொடுத்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதை 2003ல் வெளியிட்டது.

வான் ரீட் புண்ணியத்துக்காக இதைச் செய்யவில்லை. கம்பெனிக்கு மருந்துச் செலவு மிச்சமாகும், இந்த மண்ணின் மதிப்பு ஐரோப்பாவில் உள்ளவர்களுக்குத் தெரியும் என்ற கணக்கெல்லாம் அதில் உண்டு. இருந்தாலும் கணக்கை ஒழுங்காக எழுதினார். யாரிடம் வாங்கினேன் என்று பதிந்தார்.

குற்றாலத்தில் ஒரு டாக்டர், இரண்டு ஓவியர்கள்

இனி நம் பக்கம் வருவோம். குற்றாலம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். நமக்குக் குற்றாலம் என்றால் சாரல், குளியல், கூட்டம். செடி ஆராய்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி ஊர். உலகத்தின் பெரிய உலர்தாவரச் சேமிப்புகளில் 'கோர்ட்டாலம்' என்று சீட்டு ஒட்டிய காய்ந்த செடிகள் இருக்கின்றன. அவற்றில் பல ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1830களில் சேர்த்தவை.

வைட் 1819ல் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். வைத்தியத்தைவிடச் செடிமீது ஆசை அதிகம். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தென்னிந்தியச் செடிகளின் படங்களை வெளியிட்டார். மொத்தம் 2101 படங்கள். போட்டோ பிடிக்கும் வசதி இல்லாத காலம். ஒரு பூவின் இதழை, மகரந்தத்தை, விதையை வெட்டிப் பெரிதாக்கி, அளவு பிசகாமல் வரைய வேண்டும். அந்த வேலையில் அவருக்குக் கையாக இருந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட்டின் படங்களில் பலவற்றின் ஓரத்தில் அவர்கள் பெயரும் பொடி எழுத்தில் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, வைட் நன்றி மறந்தவர் இல்லை. 1853ல் ஓர் ஆர்க்கிட் வகையைப் புதிய பேரினம் என்று கருதி, அதற்குக் கோவிந்துவின் பெயரையே லத்தீனாக்கி வைத்தார். பெரிய பெரிய கவர்னர்களின் பெயரைச் செடிக்கு வைத்துக்கொண்டிருந்த காலத்தில், சம்பளத்துக்குப் படம் வரைந்த ஒரு தென்னிந்தியரின் பெயரை வைத்தார். ஆனால் பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அது புதிய பேரினம் இல்லை, ஏற்கெனவே வேறு பெயர் பெற்ற இனத்தில் சேர்ந்தது என்று கண்டார்கள். தாவரவியல் விதிப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் மதிப்பு. கோவிந்துவின் பெயர் கீழே இறங்கிவிட்டது. யாரும் சதி செய்யவில்லை, விதி அப்படி. ஆனாலும் படித்தபோது மனசு கேட்கவில்லை.

அந்தப் பெயர்களை மறுபடி மேலே கொண்டுவந்தவர் எடின்பரோ தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்டி. அவர் 2007ல் மூன்று தொகுதிகளாக ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் வைட்டோடு ரங்கையா, கோவிந்து பெயரும் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தாக இருந்தது அட்டைக்கு வர 150 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு இன்னொன்றும் தோன்றியது. குற்றால மலையில் வைட்டுக்கு வழி காட்டியவர் யார்? மரத்தில் ஏறிப் பூப் பறித்துக் கொடுத்தவர் யார்? அவர்களுக்குப் பொடி எழுத்துக்கூட இல்லை.

திருநெல்வேலி என்ற முத்திரை

கண்காட்சி என்று தொடங்கிவிட்டு, உண்மையான காட்சிசாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கக்கூடாது. லண்டன் அருகே உள்ள கியூ தோட்டத்தில் 1847ல் வில்லியம் ஹூக்கர் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். செடிகளை வளர்த்துக் காட்டுவதற்கு அல்ல, செடிகளிலிருந்து மனிதர்கள் என்னென்ன செய்துகொள்கிறார்கள் என்று காட்டுவதற்கு. கயிறு, கூடை, பாய், சாயம், பிசின், மருந்து, மரப்பாத்திரம் எல்லாம் அங்கே சேர்ந்தன. பிரேசில் காட்டில் செய்ததும் ஜப்பானில் செய்ததும் அடுத்தடுத்த அலமாரியில். லண்டனில் இருந்த இந்தியா அருங்காட்சியகத்தை 1879ல் கலைத்தபோது அதன் செடிப் பொருட்களும் கியூவுக்கு வந்தன. இன்று அந்தச் சேமிப்பில் சுமார் ஒரு லட்சம் பொருட்கள். 1998ல் அங்கே 'செடிகளும் மக்களும்' என்ற பெயரில் ஒரு காட்சியும் வைத்தார்கள். அதெல்லாம் முடிந்து, அந்தக் கட்டடத்தில் இப்போது உணவகம் நடக்கிறது. பொருட்கள் வேறு கட்டடத்தில், ஆராய்கிறவர்களுக்காக இருக்கின்றன.

அந்த அருங்காட்சியகம் வெறும் வேடிக்கைக்கு ஏற்பட்டதில்லை. காமர்ஸ் மாணவனாக எனக்கு அது ஒரு சாம்பிள் ரூம் மாதிரித்தான் தெரிகிறது. எந்த நாட்டில் என்ன சரக்கு, எதற்கு ஆகும், என்ன விலை போகும் என்று வியாபாரி வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் சீட்டில் பொருள், ஊர், அனுப்பிய துரையின் பெயர். செய்தவர் பெயர் வியாபாரத்துக்குத் தேவைப்படவில்லை.

நம் மாவட்டத்துக்கே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. நிலாவாரை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அந்த இலை உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா'. டின்னவெல்லி என்றால் நம் திருநெல்வேலிதான். ஆனால் இந்தச் செடியும் வந்த செடிதான், பூர்வீகம் அரேபியா. இங்கே கரிசலிலும் செம்மண்ணிலும் பயிராகி, தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. இதற்குப் போட்டிச் சரக்கு 'அலெக்சாண்டிரியா சென்னா'. அதுவும் அலெக்சாண்டிரியாவில் விளைந்ததில்லை. சூடானில் விளைந்து அந்தத் துறைமுகம் வழியாகப் போனதால் அந்தப் பெயர். ஆக, சரக்குக்குப் பெயர் வைப்பது அதை விற்ற இடம். விளைந்த நிலமோ விளைவித்த ஆளோ இல்லை. புளிக்கு இந்தியா என்று பெயர் வந்த கதையும் இதேதானே?

இந்தக் கணக்கின் பெரிய பக்கம் ரப்பரும் தேயிலையும். 1876ல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மலேயாவில் ரப்பர் தோட்டம் பெருகியது. இலங்கையில் 1869ல் காப்பிப் பயிரை நோய் தாக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் காடு வெட்டவும், பால் எடுக்கவும், கொழுந்து பறிக்கவும் போனவர்கள் நம்மவர்கள். கங்காணி பின்னால் போனவர்களில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் ஆட்கள் எத்தனையோ பேர். விக்காம் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பால் எடுத்தவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டும் இருந்தது.

இதற்கு மாற்றாக ஒன்றைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். இலங்கையில் கம்பளைப் பக்கம் நியூ பீக்காக் தோட்டத்தில் 2007ல் தேயிலைத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய லயன் அறைகளிலேயே அது இருக்கிறது. தேயிலை எந்திரத்தைக் காட்டும் இடங்கள் பல உண்டு. இங்கே காட்சிப் பொருள் அவர்கள் புழங்கிய சாமான்கள்தான். அதாவது சீட்டின் மறுபக்கம்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்?

கண்காட்சி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஆச்சியிடம் சொன்னேன், "ஒன் பேரையும் சீட்டுல எழுதிருக்கணும் ஆச்சி. நீதான எல்லாஞ் சொன்ன."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எய்யா, எம் பேரு எதுக்கு? மரத்த நானா நட்டேன்? எங்க மாமியா சொன்னா, நான் ஒனக்குச் சொல்லுதேன். அவளுக்கு யாரு சொன்னாளோ!"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது நியாயம்தான். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒருத்தி பெயரில் எப்படி எழுதுவது? பதில் கிடைக்க மஞ்சள் கதையைப் படிக்க வேண்டியிருந்தது.

1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. எதற்கு? மஞ்சளைப் புண்ணுக்குப் போட்டால் ஆறும் என்பதற்கு! நம் வீட்டில் முழங்கால் சிராய்த்த எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்ததை ஒரு கண்டுபிடிப்பாகப் பதிந்திருந்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் வழக்குப் போட்டு 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. எப்படி ஜெயித்தார்கள் தெரியுமா? கோடிக்கணக்கான ஆச்சிகளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. வாய்மொழி அங்கே செல்லாது, எழுத்தில் உள்ள ஆதாரம் வேண்டும். பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 2001ல் நம் அரசு பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு மின் நூலகம் தொடங்கியது. நம் சித்த மருத்துவ நூல்களும் அதில் சேர்ந்தன.

ஆக, ஆச்சியின் பெயரை எழுதுவது அவளைப் பெருமைப்படுத்த மட்டும் இல்லை. அது ஒரு ரசீது. ரசீது இல்லாத சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவருடையது என்றாகிவிடும். கணக்குப் படிக்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரசீதோடு நடந்த ஒரு கதையும் உண்டு, அதுவும் நம் பொதிகை மலையில். 1987ல் அகத்தியமலைக்குச் செடி ஆராயப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்க, வழி காட்டிய காணிக்காரர்கள் ஏதோ காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டு வாங்கியதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதைச் செய்யும் உரிமையை 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத ராயல்டிக்கும் கொடுத்தது. வந்ததில் பாதியைக் காணிக்காரர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1997ல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. குட்டிமாத்தன் காணி போன்ற வழிகாட்டிகளின் பெயர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சிக்கல் இல்லாமல் இல்லை. அந்த மலையில் இருக்கும் எல்லாக் காணிக்காரர்களையும் கேட்டா முடிவு செய்தீர்கள் என்று கேள்வி வந்தது. காட்டிலிருந்து அந்த இலையை எடுக்க வனத்துறை தடை சொன்னது. ஆச்சி பஸ்ஸில் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: எல்லாருக்கும் சொந்தமானதை யார் பெயரில் எழுதுவது? முழுப் பதில் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் வரவு எழுதும் பக்கத்தைக் காலியாக விடக்கூடாது என்பதை ஒப்புக்கொண்டார்கள். 300 வருடத்துக்கு முன் இட்டி அச்சுதனின் சான்று செய்த வேலையும் அதுதான்.

நாலாவது வரி

இரட்டைப் பதிவு முறை என்று முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு, இரண்டும் சமமாக வேண்டும். செடிகளைப் பற்றி நாம் பார்த்த பல கண்காட்சிகள் ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடுகள். வந்தது எழுதியிருக்கிறது. கொடுத்தவர் கணக்கு திறக்கப்படவே இல்லை. நான் எழுதிய சீட்டுகளும் அப்படித்தான். எனக்கு யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை. மூன்று வரி என்றதும் நான்காவது வரி ஒன்று இருக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொலைகின்றன என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஆச்சி சொல்லும் செடிகளை எழுதுகிறேன். நான்காவது வரியில் 'சொன்னவர்' என்று போட்டு ஆச்சி பெயர், அதற்குக் கீழே 'அவருக்குச் சொன்னவர்' என்று அவள் மாமியார் பெயர், ஊர். அந்தப் பெயரை நான் முதல்முறையாகக் கேட்டதே இந்த நோட்டுக்காகத்தான். அதற்கு மேல் ஆச்சிக்குத் தெரியவில்லை. அங்கே 'ஊர் வழக்கம்' என்று எழுதினேன். அதுவும் ஒரு பெயர்தானே!

போன வாரம் குப்பைமேனியைக் காட்டிக் கேட்டேன். ஆச்சி இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். எதற்கு என்று சொல்லிவிட்டாள், பெயர் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேம்யா" என்றாள். எண்பது வயசுக்கு மேலாகிறது. நாளைக்கும் வரவில்லை. நோட்டில் இதுவரை நாற்பத்தொரு செடி ஏறியிருக்கிறது. அவளுக்கு இன்னும் எத்தனை தெரியும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு ஆச்சியோ தாத்தாவோ இருப்பார்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே ஒரு செடியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். சொன்னதை எழுதும்போது சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.